நான் விட்ட மூன்று வாக்கியங்கள்

பிள்ளைக் காம்பராவுக்கு ஏற அறுபத்து நான்கு படிகள். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த அறையில்தான் மாதம் ஒருமுறை தடுப்பூசி கிளினிக் நடக்கும். டாக்டர் சிங்களத்தில் பேசுவார். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் பக்கத்தில் நின்று தமிழில் சொல்வேன்.

ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு மழைக் காலையில் பதினேழு தாய்மார் வந்திருந்தார்கள். டாக்டர் ஒன்பது வாக்கியங்கள் பேசினார். நான் ஆறைத்தான் சொன்னேன்.

விட்ட மூன்றும் இவை. இங்கே இலவசமாகப் போடும் ஊசிகளைத் தவிர வேறு சிலவும் உண்டு. அவற்றில் ஒன்று, நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் ஒரு கிருமியிலிருந்து காக்கும். விரும்பினால் ஹட்டன் நகரில் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

கொழுந்து குறைந்து, பலருக்கும் அரைநாள் சம்பளமே விழுந்த மாதம் அது. வாங்க முடியாததைக் காட்டி ஏன் ஏங்க வைப்பது என்று நினைத்தேன். அதை இரக்கம் என்றே நம்பினேன். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. நான் மூன்றை விட்டது அவருக்குத் தெரியவில்லை.

முன்வரிசையில் எட்டு மாதப் பெண் குழந்தையோடு ஒருத்தி இருந்தாள். அடுத்த வாரம் அந்தக் குழந்தைக்குக் காது குத்தினார்கள். நானும் சாப்பிடப் போனேன். குத்தும்போது அது அழுத அழுகை லயத்து வரிசையின் பன்னிரண்டு வீட்டுக்கும் கேட்டது.

நான்கு மாதம் கழித்து அதற்குக் காய்ச்சல் வந்தது, வலிப்பும் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். உயிர் தப்பியது. இரண்டு காதும் போய்விட்டன.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் தாய் என் வீட்டு வாசலில் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அப்படி ஒரு ஊசி இருக்குதுன்னு அங்க நர்ஸ் சொன்னாங்க. நம்ம கிளினிக்குல சொல்லலியா மாஸ்டர்?"

டாக்டர் சொல்லவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது.

"சொன்னாரு. நான்தான் சொல்லாம விட்டுட்டேன். உங்களால முடியாதேன்னு…"

"முடியுமா முடியாதான்னு நாங்கல்ல சொல்லணும். காது குத்துக்குப் புடிச்ச சீட்டுக் காசு அன்னைக்கு என் கையில இருந்துச்சு, மாஸ்டர்."

படியிறங்கிப் போனாள்.

டாக்டரிடமும் ஒப்புக்கொண்டேன். அந்த ஊசி எல்லாவற்றையும் தடுப்பதில்லை, போட்டிருந்தாலும் இது வந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலுக்காகச் சொன்னார். தடுத்திருக்காது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. பேக்கரியில் பாண் வாங்க நிற்கும்போதும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் அந்த மூன்று வாக்கியங்களும் வாய்க்குள் வந்து நிற்கின்றன. கேட்க யாரும் இல்லை.

போன மாதம் அவள் இரண்டாவது குழந்தையோடு கிளினிக்குக்கு வந்தாள். மூத்தவள் பக்கத்தில் நின்றாள். காதில் அதே சின்னத் தோடு. கிளினிக் நர்ஸின் கையிலிருந்து ஊசித் தட்டு தவறிச் சிமெந்துத் தரையில் விழுந்தது. மடியில் கிடந்த கைக்குழந்தைகள்கூடத் துள்ளின. மூத்தவள் மட்டும் ஜன்னலில் வழிந்த மழைநீரை விரலால் தொடர்ந்துகொண்டிருந்தாள்.

டாக்டர் பதினொரு வாக்கியங்கள் பேசினார். விரல் மடக்கி எண்ணி, அன்று விட்ட மூன்றும் உட்படப் பதினொன்றையும் சொன்னேன். தாய் என்னைப் பார்க்கவில்லை. கினிகத்தேனையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த, சிங்களம் தெரிந்த பக்கத்துப் பெண்ணிடம் திரும்பினாள்.

"மாஸ்டர் எல்லாத்தையும் சொன்னாரா?"

"சொல்லிட்டாருக்கா."

"அப்ப வெலையக் கேக்கச் சொல்லு."

டாக்டரிடம் கேட்டேன். ஒரு ஊசிக்கு எவ்வளவு, எத்தனை முறை போட வேண்டும் என்பதைச் சொன்னார். கூடிய தொகையாகத்தான் இருந்தது. அதை அப்படியே தமிழில் சொல்லிவிட்டு, அவள் பதிலுக்காக நின்றேன்.