சந்தகைக்கு ஆதாரம்

திருப்பூரில் கையில் காசு சேர்ந்தால் முதலில் கார் வாங்குவார்கள், அப்புறம் கல்யாண மண்டபம் கட்டுவார்கள். இரண்டும் முடிந்துவிட்டதால் எங்கள் முதலாளிக்குத் தமிழ்ப்பற்று வந்தது. ஊரெல்லாம் ஆர்டர் குவிந்துகிடந்த காலம் அது. பனியன் கம்பெனியின் மாடியில் சாம்பிள் அறையைக் காலிசெய்து, இணையத்தில் ஓர் அகராதி தொடங்கினார். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவரை ஆசிரியராக உட்காரவைத்தார். நான் அங்கே மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு பையர்களின் மெயிலுக்குப் பதில் எழுதுகிறவள். தமிழில் டைப் அடிக்கத் தெரியும் என்ற ஒரே பாவத்துக்காக அகராதியும் என் தலையில் விழுந்தது.

அகராதிக்கு ஒரே விதி. எந்தச் சொல்லைச் சேர்த்தாலும், அது வருகிற பழைய அச்சுப் புத்தகத்திலிருந்து ஒரு வாக்கியம் காட்ட வேண்டும். புத்தகத்தின் பெயர், அச்சுக்கூடம், ஆண்டு, பக்கம் எல்லாம் அடியில் வர வேண்டும். விதியில் குற்றம் இல்லை. பேராசிரியர்தான் அதைப் போலீஸ்காரர் லத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தார். அச்சில் ஏறாத எதுவும் அவரைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

ஒருநாள் மதியம் முதலாளி வீட்டுத் தூக்குப்போசியில் பேராசிரியருக்குச் சந்தகை வந்தது. அரிசி மாவை வேகவைத்து நூல் நூலாகப் பிழிவது. எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் அதுதான். தேங்காய்ப்பால் ஊற்றி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவி வந்ததும், இந்தச் சொல்லைச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.

"அது கொச்சை வழக்கும்மா. பழைய நூல் எதிலும் நான் பார்த்ததில்லை. ஆதாரம் இல்லாமல் எப்படிச் சேர்ப்பது?" என்றார், ஏப்பம் விட்டுக்கொண்டே.

வயிற்றுக்குள் போனதை ஆதாரமாகக் காட்ட வழியில்லை. மண்ணரையில் எங்கள் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை.

"நம்ம புத்தகத்துல இருக்குதே சாமி" என்றார்.

இருந்தது. மிஷன் அச்சுக்கூடம் ஒன்றில் அச்சான சமையல் புத்தகம் அது. அப்பாவின் அப்புச்சிக்கு, அதாவது அவர் அம்மாவின் அப்பாவுக்கு, பள்ளிக்கூடத்தில் பரிசாகக் கிடைத்தது. பைபிளுக்குப் பக்கத்தில் துணி சுற்றி வைத்திருப்பார். கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். என்னைக்கூடத் தனியாகப் புரட்ட விட்டதில்லை. மாவைச் சூடு ஆறுமுன் பிழியாவிட்டால் சந்தகை அறுந்துபோகும் என்று அதில் ஓர் இடத்தில் எழுதியிருந்தது. அப்பா விரலால் தொடாமல் அந்த வரியைக் காட்டினார்.

"இதோட பேரும் கம்பியூட்டர்ல வருமா கண்ணு? அமெரிக்காவுல இருக்கறவங்களும் பாப்பாங்களா?"

"பாப்பாங்கப்பா."

ஜெராக்ஸ் எடுத்துத் தருகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை. புத்தகத்தையே காட்டினால்தான் மரியாதை என்று சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மறுநாள் கம்பெனிக்கு அவரே எடுத்துவந்தார்.

முதலாளி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். "ஏனுங்கய்யா, நீங்க எதுக்குங்க அலையறீங்க? முழுசா ஸ்கேன் பண்ணீட்டு சாயந்தரமே குடுத்தர்றோமுங்க." பேராசிரியர் முகப்புப் பக்கத்தைப் பார்த்து, அச்சுக்கூடத்தையும் ஆண்டையும் என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். அபூர்வமான நூல் என்று அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பாவுக்குக் கால் தரையில் படவில்லை. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் என்று என்னை வேறு யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

கம்பெனியில் இருந்த ஸ்கேனர், தாள்களை அடுக்கிவைத்தால் தானே இழுத்துக்கொள்ளும் ரகம். புத்தகமாக இருந்தால் இழுக்காது, தாள் தாளாக வேண்டும். வேறு ஊராக இருந்தால் யாராவது உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்திருப்பார்கள். எங்கள் ஊரில் எதையும் அடுக்கி வெட்டித்தான் பழக்கம். முதலாளி புத்தகத்தைக் கட்டிங் டேபிளுக்கு அனுப்பினார். நூறு மடிப்புத் துணியை ஒரே வெட்டில் அறுக்கிற மெஷினில் அதன் முதுகைச் சீவச் சொன்னார். பேராசிரியரும் கூடப் போய் நின்று பார்த்தாராம்.

பனியன் துணி வளைந்துகொடுக்கும். பழுத்துப்போன காகிதம் என்ன செய்யும்? கத்தி நடுங்கிய நடுக்கத்தில் பக்கங்கள் அப்பளமாக நொறுங்கின. தப்பிய தாள்களை ஸ்கேனரில் வைத்திருக்கிறார்கள். முகப்புப் பக்கத்தை அதன் உருளை சுருட்டித் தின்றது. சந்தகை வந்த பக்கமும் வேறு சில பக்கங்களும் படமாகின. மிச்சத்தைப் பெருக்கி, கட்டிங் வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட்டார்கள். நான் திரும்பி வந்தபோது வேஸ்ட் வண்டி போயிருந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். அவர் கையில் ஒரு சிடியைக் கொடுத்தார்கள். அது சும்மா போகக்கூடாதென்று, கம்பெனிப் பெயர் போட்ட பாலிபேக்கில் ஒரு டி-சர்ட்டோடு வைத்துக் கொடுத்தார்கள். என் ஆயுளில் அத்தனை கேவலமான மரியாதையை நான் பார்த்ததில்லை.

"புத்தகமுங்க?" என்றார் அப்பா.

"இதுக்குள்ளயே இருக்குதுங்கய்யா. இனிமே எத்தன வருசமானாலும் கெடாதுங்க" என்றார் முதலாளி.

அப்பா சண்டை போடவில்லை. எனக்குத்தான் அங்கேயே யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. ஆனால் அகராதியில் சந்தகை ஏறியது, அடியில் புத்தகத்தின் பெயரும் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஆராதனை முடிந்ததும் அப்பா பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு வருவார். துணி சுற்றி வைத்திருந்த இடம் காலியாகிவிட்டது, பெயராவது இருக்கிறதே என்பார்.

சில மாதங்கள் கழித்து வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவரிடமிருந்து மெயில் வந்தது. இந்தப் புத்தகம் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை, முகப்புப் பக்கத்தை அனுப்ப முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். முகப்புப் பக்கத்தைத்தான் ஸ்கேனர் தின்றிருந்ததே, பேராசிரியருக்கு வியர்த்துவிட்டது. பதில்கூடப் போடாமல் மேற்கோளை நீக்கினார். மேற்கோள் போனதால் சொல்லையும் நீக்கினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தேடியபோது, அப்படியொரு சொல் இல்லை என்று திரையில் வந்தது.

"அவரு கையில வாங்கிப் பாத்தாரல்ல? போய்க் கேளு கண்ணு. பேரத் திருப்பிப் போடச் சொல்லு" என்றார் அப்பா.

மறுநாள் மதியம் போய்க் கேட்டேன். "நீங்களே பார்த்தீங்களே ஐயா, உங்க கண்ணு முன்னாலதான வெட்டுனாங்க?"

"பார்த்தேன்தாம்மா. ஆனால் நான் பார்த்தது ஆதாரமாகுமா? நூலைக் கேட்டால் எதைக் காட்டுவேன்?" என்றார். கொஞ்சமும் கூசவில்லை. அந்நேரம் பார்த்து முதலாளி வீட்டுத் தூக்குப்போசி வந்தது. மூடியைத் திறந்து எட்டிப்பார்த்து, "ஆகா, சந்தகை" என்றார்.

"அப்பிடியொரு சொல்லே இல்லீங்களே" என்று போசியை மூடி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. வழியெல்லாம் அதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். அப்பாவிடம் சொன்னால் அவரும் சிரிப்பார் என்று, அவர் முன்னால் போசியை வைத்து நடந்ததை எல்லாம் நடித்தே காட்டினேன்.

அப்பா முழுக்கக் கேட்டார். மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"செரி கண்ணு. பேரப் போட்டாங்களா?" என்றார்.