ஒரு தடவை மட்டும் கேட்ட சத்தம்

மணல் மூட்டைகளுக்குத் தலை கிடையாது. அது தெரிந்தும், ஓட்டும்போது கண்ணாடியில் பின்னால் பார்த்தால் யாரோ வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும். புதுப் பேருந்தில் மனிதர்களை ஏற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு இருக்கையிலும் ஓர் ஆளின் எடைக்கு மூட்டை வைத்து மாதக்கணக்கில் ஓட்டிப் பார்ப்பார்கள். பிள்ளைகளா, நீங்கள் இருவரும் சிறியவர்களாக இருந்தபோது உங்கள் அப்பாவுக்கு அதுதான் வேலை. பத்தாம் வகுப்பு படித்தவனுக்கு அது பெரிய வேலை.

அந்தப் பேருந்தின் கியர்பாக்ஸையும், அதிலிருந்து பின்சக்கரத்துக்கு இழுவையைக் கொண்டுபோகும் அமைப்பையும் உருவாக்கியவர் எங்கள் தலைமைப் பொறியாளர். சீப் சார் என்போம். வடக்கே ஒரு பெரிய தொழிற்சாலையில் அவருக்குக் கீழே நிறைய பொறியாளர்கள் இருந்தார்கள். ஆனால் பிறப்பு பாளையங்கோட்டை. தொழிற்சாலையில் யாரிடம் எப்படிப் பேசினாரோ, எங்களிடம் வந்தால் எங்கள் ஊர் 'வே' போடாமல் பேசமாட்டார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி உற்பத்திக்குப் போகும்.

கடைசிப் பதினைந்து நாள் சோதனைக்கு அவர் தேர்ந்தெடுத்தது பாபநாசத்திலிருந்து அணைக்குப் போகும் மலைச்சாலை. நானும் மூத்த ஓட்டுநரான அண்ணாச்சியும் மாறி மாறி ஓட்டினோம். முதல் நாளே அது கேட்டது. உச்சி வெயிலில் மலையிறங்கும்போது, ஓடைப் பாலத்துக்கு முந்திய வளைவில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மூட்டைகளுக்கு நடுவிலிருந்து யாரோ குரலை நீட்டி, "ஏ...லே" என்றார்கள். ஒரே தடவைதான். அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. மறுநாளும் அதே வளைவு, அதே உச்சிப் பொழுது, அதே ஒரு குரல்.

ஒரு தடவை கூப்பிட்டால் ஏன் என்று கேட்கக்கூடாது, மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுசன் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். பதில் சொல்லாமல் இருப்பதோடு, கேட்டதை வெளியே சொல்லவும் மாட்டோம். ஒவ்வொரு நாள் சோதனைத் தாளிலும் 'சத்தம் ஏதும் உண்டா?' என்று ஒரு கட்டம் இருந்தது. பதினைந்து நாளும் அதில் 'இல்லை' என்றே எழுதினோம்.

கையெழுத்துப் போட வந்த சீப் சார் தாள்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். "பதினஞ்சு நாளும் ஒரு முனங்கல்கூட இல்லையா? இவ்வளவு நல்ல வண்டிய நான் செய்யலயேவே."

அண்ணாச்சிதான் சொன்னார். "மூணு தடவ வந்திருந்தா எழுதியிருப்போம் சார். ஒரு தடவைல்லா வருது."

சீப் சார் சிரிப்பை நிறுத்திவிட்டார். அன்று மதியம் கடைசி வரிசையில் ஒரு மூட்டையை இறக்கச் சொல்லி, அந்த இடத்தில் தானே உட்கார்ந்துகொண்டார். அண்ணாச்சி ஓட்டினார். வளைவு வந்தது. குரலும் வந்தது. உடனே பின்னாலிருந்து சீப் சார் சத்தமாக, "என்னவே?" என்று பதில் கொடுத்தார். அதன்பின் கீழே வரும்வரை அண்ணாச்சி கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.

"ஏறும்போது எஞ்சின் சக்கரத்த இழுக்கு. இறங்கும்போது சக்கரம் எஞ்சின இழுக்கு" என்று கீழே வந்ததும் சீப் சார் விளக்கினார். "கியர் பல்லு ஒரு பக்கத்துலேருந்து மறுபக்கம் மாறுத அந்த நொடிதான் இந்தச் சத்தம். வெயில்ல எண்ணெயும் இளகியிருக்கும். கழத்துங்கவே."

கழற்றினோம். உள்ளே சுழலும் எஃகுத் தண்டில், தடிமன் குறைகிற இடத்தில், தலைமுடிபோல ஒரு விரிசல். இன்னும் சில நாளில் முறிந்திருக்கும். மலையிறக்கத்தில் அது முறிந்தால் எஞ்சினின் பிடி போய்விடும், பிரேக் மட்டும் தாங்காமல் வண்டி தன் பாட்டுக்கு ஓடும். உற்பத்திக்குப் போன வண்டியில் மூட்டைகளுக்குப் பதில் மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

சீப் சார் அந்த இடத்தைப் பிளந்து பூதக்கண்ணாடியில் நெடுநேரம் பார்த்தார். ஒரு நாள் ஓட்டத்துக்கு ஒரு வரி விழுமாம், மரத்தின் வளையம்போல. எண்ணினார். ஒன்பது. மறுபடி எண்ணினார். ஒன்பதுதான்.

"சத்தம் எத்தன நாளாவே?"

"நீங்க வந்த நாளோட பதினாறு சார்."

கூட வந்த பொறியாளர்கள், முதல் வரிகள் உரசி அழிந்திருக்கும் என்றார்கள். "இருக்கலாம்" என்றார். ஆனால் அறிக்கையில், முதல் ஏழு நாள் சத்தத்துக்குக் காரணம் தெரியவில்லை என்று எழுதினார்.

அதே அளவில் புதுத் தண்டு மாட்டினோம். பழையதில் எஃகு கோளாறு, இது தாங்கும் என்று மேலிடம் சொன்னது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் சீப் சார் நாற்காலியில் வேறு ஆள் உட்காருவார் என்றும் சொன்னது. போனில் அவர், "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

மறுபடி அதே சாலையில் ஓட்டினோம். இரண்டு நாள் சத்தம் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் வியாழன். அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நான் தனியாக இறங்கினேன். வளைவில் அது கூப்பிட்டது.

மாலையில் தாளை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். 'இல்லை' என்று எழுதினால் சீப் சாரின் நாற்காலி பிழைக்கும். 'ஒரு தடவை கேட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் கழற்றினார்கள். தண்டு சுத்தமாக இருந்தது. விரிசலைக் காட்டும் மையைத் தடவிப் பார்த்தும் ஒரு கீறல் இல்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். சீப் சார் தண்டைத் துடைத்துத் துணியில் சுற்றினார். "விரிசல் இல்லங்காதீங்க. இன்னும் வரலைன்னு சொல்லுங்க" என்றார். அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்த இடத்தைத் தடிமனாக்கி வரைபடத்தை மாற்றி அனுப்பிவிட்டுத்தான் நாற்காலியை விட்டார். மாற்றிய வரைபடத்தைப் பிறகு யாரும் தொடத் துணியவில்லை.

துணியில் சுற்றிய அந்தத் தண்டைத் தொழிற்சாலையில் ஓர் இயந்திரத்தில் மாட்டி இரவும் பகலும் சுழற்றினார்கள். சில மாதம் கழித்து அவர் போன் செய்தார். "ரெண்டாயிட்டுவே. அதே இடம்." பிறகு, "அன்னைக்கு நீரு அதுக்குப் பதில் சொன்னீரா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றேன்.

இன்று அந்தத் தடித்த தண்டோடு பேருந்துகள் மலையில் ஏறி இறங்குகின்றன. நீங்களும் அதில்தான் அணைக்குச் சுற்றுலா போய்வந்தீர்கள். எந்தச் சத்தமும் இல்லை என்று நீங்கள் சொன்னபோது, நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

சீப் சாரிடம் நான் சொன்னது பொய். அந்த வியாழக்கிழமை, அவர் செய்ததுபோலவே நானும், "என்னவே?" என்று கேட்டிருந்தேன். வண்டி இன்னும் பாலத்தைத் தாண்டியிருக்கவில்லை. பின்னால் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து, முதல் குரலைவிடத் தாழ்ந்த குரலில், தெளிவாக இன்னொரு சொல் வந்தது. தாளில் சத்தத்துக்குத்தான் கட்டம் இருந்தது, சொல்லுக்கு இல்லை. அதனால் எழுதவில்லை. நான் பிரேக்கில் காலை வைத்து, அடிவாரம் வரை அது சொன்னபடியே மெல்ல இறங்கினேன்.

"பைய" என்றது.