துப்பாக்கிக்கு வைத்த பொட்டு

1931 அக்டோபர் 24, சனிக்கிழமை. காலையில் பினாங்குத் துறைமுகத்தில் நல்ல வெயில். பிற்பகலில் அக்கரைச் சுங்கை பாக்காப்பில் கருமேகம். அன்றுதான் மெய்யநாதன் செட்டியார் தம் புதிய துப்பாக்கிக்குக் குறி சரிபார்த்தார்.

அங்கிருந்த அவருடைய ரப்பர் தோட்டத்தில் புலியொன்று மாடுகளை அடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தாண்டியும் புலி இருந்தால் வேறு தோட்டம் பார்த்துக்கொள்வதாகப் பால்வெட்டுத் தொழிலாளர்கள் கூறிவிட்டனர். வேட்டைக்காரரை அழைக்குமாறு எல்லோரும் சொன்னார்கள். எலியைக்கூடச் சுட்டறியாத செட்டியார், தாமே சுடுவதாக அறிவித்தார்.

நாலைந்து நாளுக்கு முன்தான் ஆயுத பூசை. துப்பாக்கிக்கும் சந்தனப் பொட்டு உண்டல்லவா? "எங்க வைக்க?" என்று மனைவி கண்ணம்மை கேட்டபோது, குறி பார்ப்பதற்காகக் குழாய் நுனியில் துருத்திக்கொண்டிருந்த சிறு முனையைக் காட்டி, "அதுதான் நெத்தி" என்றார். கண்ணம்மைக்குக் கை தாராளம். சந்தனம் அம்முனையின்மேல் சுண்டைக்காய்ப் பருமனில் இறுகிப்போயிற்று.

சாக்கில் வரைந்த புலியை நோக்கிச் செட்டியார் சுட்டார். சந்தனத்தால் முனை உயர்ந்துவிட்டதால், குறி பார்க்கையில் குழாய் தாழ்ந்தது. குண்டு புலிக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது.

"படுத்திருக்கற புலின்னா பட்டிருக்கும், மொதலாளி" என்றார் கங்காணி பக்கிரிசாமி. "கல்யாணப் பொண்ணாட்டம் பொட்டு வேற. அதத் தொடச்சிட்டுச் சுடுங்க லா."

"பூசை போட்டதத் தொடைக்கச் சொல்றியா? ஒனக்குப் புத்தி இருக்கா?"

தெய்வ காரியத்தில் கைவைக்காமல், குழாயின் பின்பக்கம் குறி பார்க்க இருந்த தகட்டை மட்டும் மேலே மேலே ஏற்றினார். மாலைக்குள் சாக்குப் புலியின் நெஞ்சில் ஓட்டை விழுந்தது. அப்புலி ஒருமுறையும் அசையவில்லை என்பதை அவர் பெருந்தன்மையோடு மறந்துவிட்டார்.

ஞாயிறு விடியலில் மழை. பரண்மேல் செட்டியார் நனைந்தார், துப்பாக்கி நனைந்தது, சந்தனம் கரைந்தோடியது. தகடு மட்டும் ஏற்றிய இடத்திலேயே நின்றது. புலி வந்தது. முந்திய நாள் கற்ற வித்தையை அப்படியே பிரயோகித்தார். குண்டு புலிக்கு மேலே பறந்து பலாமரக் கிளையொன்றை வீழ்த்தியது.

அவ்வோசை பிடிக்காத புலி, பக்கத்துத் தோட்டத்திற்குக் குடிபெயர்ந்தது. அத்தோட்டத்துத் தொழிலாளர்கள் செட்டியார் தோட்டத்திற்குக் குடிபெயர்ந்தனர். புலியை விரட்டிய வீரர் என்று பினாங்குத் தெருவில் புகழ்ந்தவர்களை மறுத்துப் பேசி, அவர்கள் மனத்தைச் செட்டியார் நோகச் செய்யவில்லை.

அடுத்த ஆண்டு ஆயுத பூசையன்று கண்ணம்மை சந்தனக் கிண்ணத்துடன் துப்பாக்கியின் முன் வந்து நின்றார்.

"இந்த வருசம் எங்க வைக்க?"

"அடிக்கட்டையில வையி."