தடுப்புக் குளிசையும் வசந்தி அக்காவும்

எனக்கு ஆம்பிளையளிலதான் விருப்பம் எண்டது இந்தக் குழுவில இருக்கிற உங்களுக்குத் தெரியும். அம்மாக்கு இன்னும் தெரியாது.

எச்.ஐ.வி தொற்றாமல் இருக்கப் போடுற தடுப்புக் குளிசை எடுக்க, இண்டைக்கு முதல்முறை கிளினிக்குக்குப் போனனான். எங்கட தர்மபுரத்து ஆக்கள் ஒருத்தரும் காணக்கூடாது எண்டு முல்லைத்தீவுக்கு பஸ் ஏறினன்.

உள்ள போனால், எங்கட வீட்டுக்கு அடுத்த ஒழுங்கை வசந்தி அக்கா நேர்ஸ் உடுப்போட இருக்கிறா. அங்க மாறி வந்தது எனக்குத் தெரியாது. திரும்பி வாசலுக்கு நடந்தன்.

"இருங்கோ தம்பி. இஞ்ச கதைக்கிறது வெளியில போகாது."

இரத்தம் சோதிச்சு, தொற்று இல்லை எண்டு பாத்து, குளிசையைத் தந்தா.

"ஒவ்வொரு நாளும் ஒண்டு, மறக்காதேங்கோ. நீங்கள் வந்தது எனக்குச் சந்தோசம்."

எனக்குக் கண் கலங்கிட்டுது.

பின்னேரம் வீட்டை வந்தால், வசந்தி அக்கா எங்கட படலை வாசலில அம்மாவோட கதைச்சுக்கொண்டு நிக்கிறா. என்னைப் பாத்துச் சிரிச்சா.

"தம்பியைக் கண்டு கனநாள்."

இப்பிடி அழகாப் பொய் சொல்லுற ஆக்கள் உங்கட ஊரிலயும் இருக்கினமோ?