பவளப்பாறைக்கு வீடு பார்த்த கதை

மீன்களைக் காட்டிப் பிழைக்கும் தொழிலில் மீன்களால் ஒரு தொந்தரவும் வராது. வருவதெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களால்தான். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுமக்களுக்குப் பதில் சொல்லித் தொண்டை வற்றியவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

செம்பூரில் ஒரு சின்ன மீன் காட்சியகத்தில் நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். கூட்டம் சேர்ந்தால் எழுந்து போய் விளக்கமும் சொல்வேன். சுற்றிலும் சின்னத் தொட்டிகள், நடுவில் ஒரு பெரிய தொட்டி. அந்தப் பெரிய தொட்டியில்தான் எங்கள் பெருமையான உயிருள்ள பவளப்பாறை இருந்தது. அதைத் துண்டு துண்டாக வைத்து வளர்த்தவர் செல்வராஜ் அண்ணாச்சி. தாராவிக்காரர், மும்பைக்கு வந்து எத்தனையோ வருஷமாகியும் திருநெல்வேலிப் பேச்சை விடாதவர். கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள் என்று முடிவானதும் காட்சியகத்தை மூடுவதாக அறிவித்தோம். அதுவரை வந்த கேள்விகள் ஒரு ரகம், அதற்கப்புறம் வந்தவை இன்னொரு ரகம்.

அசையாத பிராணி

அம்பர்நாத்திலிருந்து ஒரு குடும்பம். இரண்டு ரயில் மாறி வந்திருந்தார்கள். குழந்தைகள் மீன்களைப் பார்த்துக் குதித்துக்கொண்டிருக்க, அப்பா மட்டும் பவளத் தொட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் திருப்தியே இல்லை. நான் போய், "சார், இது கல் இல்லை, செடியும் இல்லை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னப் பிராணிகள் சேர்ந்து கட்டிக்கொண்ட வீடு" என்று வழக்கமான பாட்டைப் பாடினேன்.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கண்ணாடியில் மூக்கு படுமளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "உயிர் இருக்குதுன்னா கொஞ்சம் அசையச் சொல்லுங்க மேடம், டிக்கெட் எடுத்திருக்கோம்ல?" என்றார்.

கொலுவுக்குக் கடல்

மூடப் போகிறோம் என்று வாசலில் பலகை வைத்ததும் கூட்டம் அள்ளியது. இத்தனை வருஷமும் எதிர்ச் சாரியில் பஸ் ஏறியவர்கள் முதல் முறையாக உள்ளே வந்து, "அடடா, இவ்வளவு நல்லா இருக்கே, ஏன் மூடறீங்க?" என்று என்னைக் கோபித்துக்கொண்டார்கள். நீங்கள் யாரும் வராததால்தான் கட்டடக்காரரிடம் நாங்கள் பலமாகப் பேச முடியவில்லை என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன். ஏசி மெஷின் விலைக்கு வருமா என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளிலிருந்து ஒரு மாமி ஜரிகைப் பை சகிதம் வந்தார். பவளத்தை மட்டும் ஒரு சுற்று, இரண்டு சுற்று பார்த்தார். தண்ணீரை விட்டு எடுத்தால் செத்துவிடும் என்று நான் சொன்னது காதில் ஏறியதாகத் தெரியவில்லை. பையைப் பிரித்துப் பிடித்தபடி சொன்னார்: "ஒரு நாலு துண்டு குடுங்கோ, கொலுவிலே சமுத்திரம் வெச்சா ஜோரா இருக்கும். ஒம்பது நாள்தானே, பத்திரமா திருப்பிக் கொண்டுவந்து தந்துடறேன்."

வரன் தேடல்

மீன்களுக்கு வேறு இடம் பார்ப்பதில் சிரமமே இல்லை. அழகான பிள்ளைகளுக்கு வரன் வருகிற மாதிரி வரிசையில் வந்து கொண்டு போனார்கள். பவளத்தைத்தான் அந்தக் கொலு மாமியைத் தவிர யாரும் கேட்கவில்லை. பவளத்தை விற்கச் சட்டம் இடம் தராது. தொட்டியில் வளர்ந்ததைக் கடலில் கொண்டுபோய் விடவும் கூடாது, அங்கிருப்பதற்கு நோய் தொற்றிவிடும். முறையான அனுமதியும், குளிரூட்டிய தொட்டியும், பார்த்துக்கொள்ள ஆளும் உள்ள இடத்துக்குத்தான் கொடுக்கலாம். கட்டடத்தில் கரண்டை நிறுத்தினால் பம்ப் நிற்கும், பம்ப் நின்றால் பவளமும் போய்விடும். அண்ணாச்சி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அவர் வீட்டிலிருந்து எனக்கு போன் வந்தது.

நானும் கவுண்டரில் உட்கார்ந்து ஊரெல்லாம் போன் போட்டேன். ஒரு ரிசார்ட் மேனேஜர் தமிழர்தான், மரியாதையாகவே பேசினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்கே யோசனை சொன்னார்: "பிளாஸ்டிக்ல இதைவிடப் பளபளன்னு கிடைக்குது மேடம், அதுக்குக் கரண்ட் பில்லும் வராது."

உளி

கடைசியில் வாஷியில் ஒரு கல்லூரி ஒப்புக்கொண்டது. கடல் உயிரியல் சொல்லிக்கொடுக்கும் ரம்யா பார்க்க வந்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பெண், தமிழும் ஹிந்தியும் சமமாகக் கலந்து பேசுவாள். தொட்டி தயார், அனுமதியும் வாங்கிவிட்டாள். ஆனால் எங்கள் பவளம் வருஷக்கணக்கில் வளர்ந்து பின்சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உடைக்காமல் வெளியே எடுக்க வழியில்லை. "அங்கிள், டென்ஷன் மத் லோ, கவலையே வேண்டாம். உடைச்சா சாகாது, ஒவ்வொரு துண்டும் தனியா வளரும்" என்றாள்.

அது அண்ணாச்சிக்குத் தெரியாததா? சின்னத் துண்டுகளை அவரே எத்தனையோ முறை வெட்டி ஒட்டியிருக்கிறார். ஆனால் இது முழுப் பாறை. தண்ணீரைப் பாதி இறக்கிவிட்டு அவரும் நானும் தொட்டிக்குள் இறங்கினோம். அவர் உளியை வைத்தார், எடுத்தார், வேறு இடத்தில் வைத்தார், மறுபடி எடுத்தார். கடைசியில் உளியையும் சுத்தியலையும் என் கையில் திணித்தார். "நீயே அடிச்சிரு ஜெபா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்."

ரயிலில் இட்லி

தாராவியில் அண்ணாச்சியின் மச்சான் கேட்டரிங் நடத்துகிறார். கல்யாண வீடுகளுக்கு இட்லி சூடு குறையாமல் கொண்டுபோகிற பெரிய ஹாட் பாக்ஸ்கள் அவரிடம் உண்டு. சூட்டைக் காக்கிற பெட்டி குளிர்ச்சியையும் காக்கும் அல்லவா? துண்டுகளை அதில் கடல் தண்ணீரோடு கொண்டுபோக ஏற்பாடு. ஒரு சொட்டு சோப்பு பட்டாலும் பவளத்துக்கு ஆபத்து என்பதால் பெட்டிகளை வெறும் வெந்நீரில் கழுவச் சொன்னோம். மச்சான் மனைவிக்கு ஒரே கோபம், எங்களைச் சுத்தமில்லாதவர்கள் என்று முடிவே கட்டிவிட்டார்.

முதல் நடையை டெம்போவில் அனுப்பியாயிற்று. இரண்டாவது நடைக்கு அதே டெம்போ திரும்பி வர வேண்டும். மான்குர்டு பக்கம் நெரிசலில் நின்றுவிட்டது. பெட்டிக்குள் காற்று தீர்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு செம்பூர் ஸ்டேஷனில் ஹார்பர் லைன் ரயிலில் சரக்குப் பெட்டியில் ஏறினோம். அண்ணாச்சி தன் பெட்டியை ஆடாமல் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். எதிரே இருந்தவர் எங்கள் தமிழைக் கேட்டார், பெட்டியைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "அண்ணாச்சி, ரெண்டு பிளேட் வைங்க, சட்னி இல்லேன்னாலும் பரவால்ல!"

இடம் பத்துமா?

புதுத் தொட்டியில் வைத்ததும் பவளங்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. நிறம் மங்கியது. கொம்பு கொம்பாக இருந்த ஒன்று வெளுத்தே போயிற்று. நான் அதற்குள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டோக்கன் கொடுக்கிற வேலையில் சேர்ந்திருந்தேன். அண்ணாச்சி வேலை தேடாமல் தினமும் வாஷிக்குப் போய் வந்தார். கொன்றுவிட்டோமே என்று ஒரு நாள் என்னிடம் போனில் சொன்னார். அடித்தது என் கைதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உடனே வரச் சொன்னார். பயந்துகொண்டேதான் போனேன். தொட்டி முழுக்க, வெளுத்த அந்த ஒன்றைத் தவிர, எல்லாத் துண்டுகளும் விரிந்து சின்னச் சின்ன விரல்களைத் தண்ணீரில் ஆட்டிக்கொண்டிருந்தன. கல்லூரியே அண்ணாச்சியை வேலைக்கு எடுத்துக்கொண்டது என்று ரம்யா சொன்னாள். அவர் அந்தச் செய்தியைக் காதிலேயே வாங்கவில்லை. மாணவிகள் துண்டுகளைப் பாறையில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள், அவர் பின்னால் நின்று அதட்டிக்கொண்டிருந்தார்: "என்ன தாயி இப்படி நெருக்கி வைக்கிய? இன்னும் நல்லாத் தள்ளி வைங்க, நாளைக்கு வளந்தா இதுக எங்க போவும்?"

மும்பையில் கட்டடம் இடிக்கிறார்கள் என்று காலி செய்து போய், பழைய இடத்தைவிடத் தாராளமான இடம் கிடைத்த குடும்பம் என்று எனக்குத் தெரிந்து இந்தப் பவளக் குடும்பம் ஒன்றுதான்.