லேட்டுச் சீட்டு

திருச்செந்தூர் பாசஞ்சரைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சன்னல் காற்றாம், வாழைத் தோட்டமாம், ஆற்றுத் தண்ணீர் பளபளக்குமாம். பேசட்டும். அவர்கள் வேடிக்கை பார்க்கப் போனவர்கள். நான் வேலைக்குப் போனவள். ரயிலைக் குற்றம் சொல்லவில்லை, அது வெறும் இரும்பு. அதில் சீசன் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்களைத்தான் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு இருபத்தொன்பது வயது, ஆழ்வார்திருநகரியில் வீடு. அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். நான் டைப்ரைட்டிங் லோயரும் ஹயரும் பாஸ் செய்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பித்து வந்தேன். ஒன்பதாவது வருடம் ஒரு கார்டு வந்தது. திருநெல்வேலியில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வர வேண்டும். அடுத்த கார்டு வருவதற்குள் எனக்கு வயது தாண்டிவிடும். ஆகவே இது ஒன்றுதான். இது போனால் அம்மாவோடு நாற்று நட இறங்க வேண்டியதுதான். வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும்.

பஸ்ஸில் போகிறேன் என்றேன். அப்பா கேட்கவில்லை.

"பஸ்ஸு வழியில மாட்டை ஓட்டிட்டு வந்தாலும் நிக்கும், கல்யாணக் கூட்டம் வந்தாலும் நிக்கும். ரயிலுக்கு எவம்ட்டி குறுக்க நிப்பான்? பேசாம ரயில்ல போ" என்றார்.

ஒன்பதரைக்குத் திருநெல்வேலி ஜங்ஷனில் போய்ச் சேர வேண்டிய வண்டி. அங்கிருந்து அந்த அலுவலகம் கால் மணி நேர நடை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஏறினால் உட்கார இடமில்லை. ஆள் இல்லாத இடமெல்லாம் செய்தித்தாள் விரித்திருந்தது. அது குரும்பூரில் ஏறினவர் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறப்போகிறவருக்குப் போட்டு வைத்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண் நிற்கிறாள், பக்கத்தில் காகிதம் உட்கார்ந்து வருகிறது. கேட்டால், "ஆள் வருதும்மா" என்று தலையைத் தூக்காமலே பதில் வரும். மடியில் துண்டை விரித்து நாலு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். நான் சான்றிதழ் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றேன்.

செய்துங்கநல்லூரில் வண்டி நின்றது. எதிரே வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், ஒற்றைத் தண்டவாளம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், இருபது நிமிடம். நான் கதவுக்கு வெளியே தலையை நீட்டி, எதிர்வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர்களுக்கோ கொண்டாட்டம். "இன்னைக்குச் சீட்டு உறுதிவே!" என்று ஒருவர் கையைத் தட்டினார். சீட்டுக்கட்டைச் சொல்கிறார் என்று நினைத்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, விளையாடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். நெற்றி நிறைய விபூதி, துவைத்து நீலம் போட்ட வெள்ளைச் சட்டை, அப்பா வயது இருக்கும்.

"என்னம்மா, ஒரு மாதிரியா நிக்க? எங்க போணும்?"

கார்டைக் காட்டினேன். வாங்கிப் படித்தார்.

"அட, நம்ம ஆபீஸு! நான் அங்கனதாம்மா கிளார்க்கா இருக்கேன். இதுக்கா முழிச்சிக்கிட்டு நிக்க? ஜங்சன்ல எறங்கினதும் ஸ்டேசன் மாஸ்டர்கிட்ட கேட்டா லேட்டுச் சீட்டு எழுதித் தருவாவ. வண்டி இத்தனை நிமிசம் லேட்டுன்னு சீல் வச்சிருக்கும். அதை வாங்கிட்டு வா. அப்புறம் ஒருத்தன் ஒண்ணும் கேக்க மாட்டான். நான் இருக்கேம்லா!"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திருச்செந்தூர் முருகனே வந்து சொன்னதுபோல நம்பினேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வண்டி ஜங்ஷனுக்கு வந்தபோது பத்து மணி ஐந்து நிமிடம். நேரே நடந்திருந்தால் பத்து இருபதுக்கு அலுவலக வாசலில் நின்றிருப்பேன். நடந்தேனா? இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அறை வாசலில் வரிசையில் நின்றேன். வரிசை என்று பெயர்தான். அத்தனை ஆண்களும் முண்டியடித்து உள்ளே போனார்கள். விபூதிக்காரர் மூன்றாவது ஆளாக வாங்கி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வாங்கிட்டு வா தாயி" என்று சொல்லிவிட்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார். என் கைக்குச் சீட்டு வந்தபோது பத்தேகால் தாண்டி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. அதையும் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஓடினேன்.

அலுவலகத்துக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரத்தில் பத்து நாற்பது. ஒரு மேசைக்குப் பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெயர்ப் பட்டியலோடு நம் விபூதிக்காரர். பெஞ்சில் என்னைப்போல் கார்டு வந்த மற்றப் பிள்ளைகள், ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர். அவரைப் பார்த்ததும் எனக்கு உயிரே வந்தது.

"பத்தரை வரைக்கும் பாத்தாச்சும்மா. முடிஞ்சிட்டு" என்றார் அதிகாரி.

சீட்டை நீட்டினேன். அவர் தொடவில்லை. "இது வேலை பாக்குதவங்களுக்கு. உன்னை யாரு இதை வாங்கச் சொன்னா?"

"இந்த சார்தான் சார். நாங்க ஒரே வண்டியிலதான் வந்தோம்."

விபூதிக்காரர் என்னைப் பார்த்தார். இதற்கு முன்னால் பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்த்தார்.

"நானா? நான் பத்து மணிக்கே வந்துட்டேனே சார். ரெஜிஸ்டரைப் பாருங்க."

ரெஜிஸ்டர் வந்தது. அதில் அவர் கையெழுத்து, எதிரே பத்து மணி. அதற்குப் பிறகு பல வருடம் பலரிடம் கேட்டுத்தான் அந்த வித்தை எனக்குப் புரிந்தது. அந்த ரயிலில் வருகிற ஆட்கள் எப்போது வந்தாலும் பத்து என்றுதான் எழுதுவார்கள். லேட்டுச் சீட்டு பையிலேயே இருக்கும். யாராவது பிடித்துக்கொண்டால் மட்டும் எடுப்பார்கள். இல்லையென்றால் அன்றைக்கு அவர் பத்து மணிக்கு வந்தவர். அன்றைக்கு அவரை யாரும் பிடிக்கவில்லை. நான்தான் பிடித்தேன்.

"பொய் சொல்லாதீங்க சார்! செய்துங்கநல்லூர்ல நீங்கதான சொன்னிய, நான் இருக்கேன்னு?"

"பைத்தியம் போலிருக்கு சார். நான் பஸ்ஸுல வந்தேன்."

பஸ்ஸிலாம்! அந்தச் சட்டை மெல்லிசு. பைக்குள் மடித்த சீட்டின் ஊதா சீல் வெளியே தெரிந்தது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் போய், அவர் சட்டைப் பையில் கையை விட்டு, சீட்டையும் சீசன் டிக்கெட்டையும் சேர்த்து உருவி, என் சீட்டையும் பக்கத்தில் வைத்து, அதிகாரி முன்னால் டப்பென்று போட்டேன்.

"பாருங்க சார்! ரெண்டும் ஒரே சீல், ஒரே வண்டி. இவரு பத்து மணிக்கு வந்தாருன்னா நானும் பத்து மணிக்குத்தான் வந்தேன்!"

அதிகாரி இரண்டு சீட்டையும் எடுத்தார். படித்தார். ஒன்றைத் திருப்பி மறுபடியும் படித்தார். அவருக்கு எல்லாம் புரிந்தது, அதை அவர் முகத்தில் நான் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், புரிந்தது. பிறகு சீட்டையும் சீசன் டிக்கெட்டையும் விபூதிக்காரரிடம் கொடுத்தார்.

"இதை உள்ள வையும்வே" என்றார். என் பக்கம் திரும்பினார். "ஒரு ஆம்பளை சட்டைப்பையில கைய விடுதியே, நீயெல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளையா? உன்னை இங்கன வேலைக்கு வச்சா நாங்க குப்பை கொட்ட முடியுமா? வெளிய போ."

நான் போகவில்லை. அழுதால் நன்றாயிருந்திருக்கும், அழுகையும் வரவில்லை. "நான் செய்தது தப்புன்னா அவரு செய்தது என்ன சார்?" என்று கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். அதிகாரி கையைக் காட்ட, விபூதிக்காரர் பட்டியலை அருகில் இழுத்து, ஸ்கேலை வைத்து வரியைத் தேடினார். நான் அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தேன். என் பெயருக்கு நேரே, அழகான கையெழுத்தில், 'வரவில்லை' என்று எழுதினார்.