பதினொரு வீட்டில் வைத்த ஞாபகம்

எழுபதுகளில் பொன்னேரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். மனித ஞாபகத்தைப் பற்றி ஒரு புத்தகம் கையில் சிக்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதில் ஒரு வித்தை. நினைவில் வைக்க வேண்டியவற்றைத் தெரிந்த தெருவின் வீடுகளில் வரிசையாக வைத்துவிட வேண்டும். பிறகு மனத்துக்குள் அந்தத் தெருவில் நடந்தால் போதும், ஒவ்வொன்றாக எதிரே வந்து நிற்கும். பஸ்ஸில், வகுப்பில், சாப்பாட்டுத் தட்டின் முன் என்று எங்கும் இதையே பேசி எல்லோரையும் பேஜார் பண்ணினேன்.

நாங்கள் பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள். இறால் ஓடும் நல்ல இடத்தில் எல்லோரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. அதனால் சீட்டுக் குலுக்கி, நாளுக்கு ஒரு படகு என்று முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். தவறவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டியதுதான். அந்தத் தடவை நைனாவுக்குக் காய்ச்சல். குலுக்கலுக்கு என்னை அனுப்பினார்.

பதினொரு படகு. எங்கள் தெருவிலும் பதினொரு வீடு. விடுவேனா? கரையில் நின்றபடியே, சீட்டு விழ விழ, கரையோர வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். முதல் வீட்டுக் கொடியில் மீசைக்கார மாமாவை வேட்டியோடு காயப்போட்டேன். இரண்டாவது வீட்டுக் கூரைமேல் நைனாவை வலையோடு ஏற்றி உட்காரவைத்தேன். இப்படியே பதினொன்றும்.

“நம்ம பாடு எத்தினியாவுது?” கம்பளிக்குள்ளிருந்து நைனா கேட்டார்.

கண்ணை மூடி, எங்கள் வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். “பத்தாவுது நைனா.”

“எழுதிக்கினு வந்தியா?”

“இன்னாத்துக்கு எழுதணும்? அல்லாம் மண்டையில கீது.”

இன்னும் நாள் இருக்கிறதே என்று, மறுநாள் காலையிலேயே அம்மா கிழிந்த இறால் வலையின் கயிற்றையெல்லாம் உருவித் தைக்கப் போட்டுவிட்டாள். நான் பல் விளக்கிக்கொண்டே கரைக்குப் போனேன். மீசைக்கார மாமா படகைத் தள்ளிக்கொண்டிருந்தார். என் கணக்கில் அவர் கடைசி.

“இன்னா மாமா, பதினோராம் நாளு போவ வேண்டியவரு இன்னிக்கே கெளம்பிட்டீங்க?”

“மொத சீட்டே என்துதான்டா, காலேஜி! நீயும்தானே நின்னுக்கினு இருந்த? நாளிக்கு உங்க நைனா. மறந்துட்டியா?”

மறக்கவில்லை! ஒரு படகுகூடத் தொலையவில்லை. கரையிலிருந்து வைத்துக்கொண்டு போனதை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் வீடோ தெருவின் கடைசி வீடு. வரிசை அப்படியே தலைகீழ். இதைக் கண்டுபிடித்ததில் ஒரு ஓரமாகச் சந்தோஷம்தான்.

ஓடினேன். “நைனா, நாளிக்கே நம்ம பாடு!”

“படிச்ச புள்ளைய அனுப்பிச்சோம் பாரு, எங்கள சொல்லணும்!” அம்மா வலை ஊசியை என் கையில் திணித்தாள். “குந்து. கயித்த கோரு.”

அன்று கல்லூரிக்குப் போகவில்லை. நைனாவும் கம்பளியைப் போர்த்திக்கொண்டே வந்து உட்கார்ந்தார். மறப்பதென்பது தொலைப்பதல்ல, தேடும் வழி மாறிப்போவதுதான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன்.

“வாயி வலை பின்னாது” என்றாள் அம்மா.

பொழுது சாயுமுன் கடைசி முடிச்சும் விழுந்தது.

மறுநாள் விடிந்ததும் வலை ஏரியில் இறங்கியது. மதியம் நைனா இரண்டு கூடை இறாலோடு வந்தார். காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

“அடுத்த சீட்டுக்கு உங்கம்மா போவட்டும்” என்றார். “உனுக்குப் படிப்பு கீது.”